தாத்தாவுக்கு டோபமின் கூட்டும் மாத்திரை, தம்பிக்கு அதைத் தடுக்கும் மாத்திரை: ஒரே வீட்டில் எப்படி?

கேள்வி:

வணக்கம் டாக்டர். என் தம்பிக்கு 25 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நூற்பாலையில் வேலை பார்த்தான். போன வருடக் கடைசியில் தூக்கம் கெட்டது. மில் சங்கு தன்னைத்தான் கூப்பிடுகிறது, டிவியில் செய்தி வாசிப்பவர் தனக்குச் சைகை காட்டுகிறார் என்றெல்லாம் சொன்னான். காதில் குரல்கள் கேட்டன. மனநல மருத்துவர் மனச்சிதைவு நோய் என்று சொல்லி, ரிஸ்பெரிடோன் 3 மி.கி. காலையும் இரவும் கொடுத்தார். கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. நான்கு மாதத்தில் குரல்கள் நின்றுவிட்டன. வெள்ளை மாத்திரை பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதால் அதை நாங்களே நிறுத்திவிட்டோம். இப்போது கை நடுங்குகிறது, விறைப்பாக நடக்கிறான், நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். எங்கள் தாத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய். டோபமின் குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறார். தம்பியைப் பார்த்தால் தாத்தா மாதிரியே இருக்கிறது. தாத்தா மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்க்கலாமா என்று அப்பா கேட்கிறார். சித்தப்பா நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி வந்திருக்கிறார். ஒரே வீட்டில் ஒருவருக்கு டோபமின் குறைவு, இன்னொருவருக்கு அதிகம் என்பது எப்படி? ரத்தத்திலோ ஸ்கேனிலோ அளந்து பார்க்காமலே எப்படி மாத்திரை கொடுக்கிறார்கள்? எனக்கும் இது வருமா? அவன் மில்லுக்குத் திரும்பப் போக முடியுமா?

பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் அவசரமான விஷயம். தாத்தாவின் மாத்திரையில் கால் பங்குகூடத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். பூனைக்காலிப் பொடியும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான், லெவோடோபா. பூனைக்காலி விதையிலிருந்து அதைத் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் 1937-லேயே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நடுக்குவாதத்துக்கு அந்த விதையை நம் வைத்தியர்கள் கொடுத்து வந்ததில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் லெவோடோபா மூளைக்குள் போனதும் டோபமினாக மாறும். தம்பியின் மூளையில் எந்த இடத்தில் டோபமின் ஏற்கெனவே அதிகமாகச் சுரக்கிறதோ, அங்கேயும் போய் மாறும். நான்கு மாதத்தில் அடங்கிய குரல்கள் திரும்ப ஆரம்பிக்க அது போதும். ‘நரம்புக்குப் பலம்’, ‘ஆண்மைக்கு’ என்று விற்கும் சூரணங்களிலும் பூனைக்காலி சேர்ந்திருப்பதுண்டு. வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ரிஸ்பெரிடோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அதை உங்கள் மருத்துவர் தம்பியை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, இனி ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

டோபமின் என்பது ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும் ரசாயனம். அது ரத்தச் சர்க்கரை மாதிரி உடம்பு முழுக்க ஒரே கணக்கில் கூடிக் குறைகிற பொருள் கிடையாது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. டோபமினைத் தயாரித்து அனுப்புகிறவை அதில் சில லட்சம்தான். பெரும்பாலானவை நடுமூளையில் ஒரு சிறிய இடத்தில் குவிந்திருக்கின்றன. அங்கிருந்து ஒரு பாதை உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் இடத்துக்குப் போகிறது. இன்னொன்று, எதைக் கவனிக்க வேண்டும், எதை நாட வேண்டும் என்று தீர்மானிக்கும் இடங்களுக்கு. மற்றொன்று நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைக்கு. யோசித்துத் திட்டம் போடுவது அங்கேதான். இவை போக, ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு குட்டிப் பாதை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பது அதன் வேலை.

தாத்தாவுக்கு, அசைவுக்கான பாதையின் செல்களே அழிந்துகொண்டு வருகின்றன. தம்பிக்குச் செல்கள் எதுவும் அப்படி அழியவில்லை. மூளையின் உள்ளே ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் வந்து முடியும் நரம்பு முனைகள் அளவுக்கு மீறி டோபமினைத் தயாரித்து வெளியே விடுகின்றன. தாத்தாவுக்கு முதலில் வறண்டுபோவதும் அதே ஸ்ட்ரையேட்டம்தான், பின்பக்கம். இரண்டு நோயும் அடுத்தடுத்த இடங்களில் நடக்கின்றன. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மனச்சிதைவில் முன்மூளைக்குப் போய்ச் சேரும் டோபமின் குறைவு என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. ஆக ஒரே ஆளின் தலைக்குள்ளேயே ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. ‘தம்பிக்கு டோபமின் அதிகம்’ என்று யாராவது மொட்டையாகச் சொன்னால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டு இரண்டு மாத்திரைகளுக்கும் பின்னால் ஒரே ஆள் இருக்கிறார் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். கதை ஆரம்பிப்பது நம் நாட்டு மூலிகையில். சர்ப்பகந்தி வேரைப் பித்துக்கும் வெறிக்கும் கொடுப்பது பழைய வழக்கம். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற கல்கத்தா மருத்துவர்கள் ரத்தக் கொதிப்புக்கும் வெறி கொண்ட மனநோய்க்கும் அது உதவுவதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் டோபமினை அது காலி செய்துவிடும். 1957-ல் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டார். சிறிது நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தன. தாத்தா இன்றைக்குச் சாப்பிடுவது அந்த ஊசியின் வழிவந்த மாத்திரைதான்.

ஆறு வருடம் கழித்து, 1963-ல், கார்ல்சனும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட்டும் எலிகளுக்குக் குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவுக்கு முதலில் வந்த மருந்துகள் இவை. குளோர்ப்ரோமசின் 1952-ல் பாரிஸின் சாந்த் ஆன் மருத்துவமனையில் பயனுக்கு வந்தது. ஹாலோபெரிடால் 1958-ல் பெல்ஜியத்தில் உருவானது. இரண்டும் வேலை செய்தன. எப்படி என்பதுதான் எவருக்கும் விளங்கவில்லை. ரிசர்பின் போல இவையும் டோபமினைக் காலி செய்யும் என்று எதிர்பார்த்திருக்கலாம். எலிகளின் மூளையில் டோபமின் குறையவில்லை. அது சிதைவதால் உண்டாகும் கழிவுப் பொருள்தான் கூடியிருந்தது. அனுப்பிய சேதி போய்ச் சேராததால் அனுப்பும் செல் மேலும் மேலும் அனுப்புகிறது. அப்படியானால் தடை வாங்கும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று கார்ல்சன் ஊகித்தார். வாங்கும் பக்கத்தில் இருப்பது ஏற்பி. அப்போது டோபமின் ஏற்பி என்று ஒன்றை எவரும் பிரித்துக் காட்டியிருக்கவில்லை. கழிவை வைத்தே ஆளைக் கண்டுபிடித்த இந்த ஊகம் எனக்கு இன்றும் பிடித்தமானது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி என்பது ஒரு புரதச் சங்கிலி. செல்லின் உறையை ஏழு முறை ஊடுருவிக்கொண்டு மடிந்து மடிந்து போகும். வெளிப்பக்கம் திறந்திருக்கும் குழிவில் டோபமின் வந்து உட்கார்ந்தால் சங்கிலியின் உள்பக்கம் அசைந்துகொடுத்து, செல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜி புரதத்தை எழுப்பிவிடும். டோபமினுக்கு ஐந்து வகை ஏற்பிகள். டி1, டி5 இரண்டும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைக் கூட்டும்; டி2, டி3, டி4 மூன்றும் குறைக்கும். அதே டோபமின்தான், உட்காரும் இடத்தைப் பொறுத்து ஒரு செல்லை முடுக்கும், இன்னொன்றை அடக்கும். டி2-விலேயே நீளம், குட்டை என்று இரண்டு. 443 அமினோ அமிலங்கள் கொண்ட நீள வகை பெரும்பாலும் வாங்கும் செல்லில். 29 குறைந்த குட்டை வகை, அனுப்பும் செல்லின் மேலேயே உட்கார்ந்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்வதற்கு.

மருந்து உட்காருவது டி2-வில். டொரண்டோவில் ஃபிலிப் சீமன் 1975-ல் கதிரியக்க அடையாளமிட்ட ஹாலோபெரிடாலைக் கொண்டு அந்த ஏற்பியைப் பிடித்தார். அடுத்த வருடமே அவருடைய குழுவும், பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரின் குழுவும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் காட்டின. ஒரு மருந்து இந்த ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, நோயாளிக்கு அது அவ்வளவு குறைந்த அளவு போதும். ஹாலோபெரிடாலில் சில மில்லிகிராமும் குளோர்ப்ரோமசினில் சில நூறு மில்லிகிராமும் தேவைப்பட்டதன் காரணம் அங்கே வெளிச்சமானது. தம்பி சாப்பிடும் ரிஸ்பெரிடோன் டி2-வின் குழிவுக்குள் எப்படி நுழைந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை அணு அணுவாகக் காட்டும் படத்தையே 2018-ல் எடுத்துவிட்டார்கள்.

மருந்து வேலை செய்கிற இடம் டி2 என்றதும் எல்லாருக்கும் அடுத்து வந்த எண்ணம், இந்த நோயாளிகளுக்கு டி2 அதிகமாக இருக்கும், அதுதான் நோய் என்பது. இறந்தவர்களின் மூளையில் எண்ணிப் பார்த்தபோது அதிகமாகத்தான் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பல வருடம் மருந்து சாப்பிட்டவர்கள்; ஏற்பியை நெடுநாள் மூடி வைத்தால் செல் கூடுதலாக ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்ளும் என்பது பிறகுதான் உறைத்தது. எண்பதுகளில் உயிரோடிருப்பவர்களை, கதிரியக்கப் பொருள் ஏற்றி மூளைக்குள் அளக்கும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். அமெரிக்கக் குழு ஒன்று மிக அதிகம் என்றது, ஸ்வீடன் குழு ஒன்று வித்தியாசமே இல்லை என்றது. சண்டை நெடுநாள் நடந்தது. இன்று நிலைத்து நிற்கும் கண்டுபிடிப்பு ஏற்பியைப் பற்றியது இல்லை. அனுப்பும் பக்கத்தைப் பற்றியது. நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் தயாரிக்கும் வேகமும், தூண்டினால் வெளிவரும் அளவும் கூடியிருக்கின்றன. நோய் முழுதாக வெளிப்படுவதற்கு முன்பே, அதன் விளிம்பில் இருப்பவர்களிடமும் இது தெரிந்திருக்கிறது.

உங்கள் பக்கத்து விவசாயிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மதகு மேலே திறந்து கிடக்கிறது, நாம் வயலின் வாய்மடையை அடைக்கிறோம். பயிர் அழுகாமல் தப்பிக்கும். மேலே தண்ணீர் வரத்து அப்படியேதான் இருக்கும். குரல்கள் நின்றுவிட்டதால் நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதோடு, இத்தனை நாள் மூடியிருந்ததால் கூடியிருக்கும் ஏற்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொள்ளும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கு 2012-ல் வந்தது. ஏழு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, நிறுத்தியவர்களில் 64 சதவீதத்தினருக்கு. குறைப்பதென்றாலும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

மில் சங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டோபமின் என்ன செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. டோபமினை ‘இன்ப ரசாயனம்’ என்று சமூக ஊடகத்தில் சொல்கிறார்கள். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் டோபமின் செல்களில் மெல்லிய மின்முனை வைத்துப் பதிவு செய்தார். எதிர்பாராமல் நாக்கில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் செல் சடசடவென்று துடிக்கும். சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிவிட்ட பிறகு, விளக்குக்குத் துடிக்கும், சாறு வந்தால் சும்மா இருக்கும். விளக்கு எரிந்து சாறு வரவில்லை என்றால் அந்த நொடியில் துடிப்பே அடங்கிவிடும். ஆக இது ருசியின் சேதி அல்ல. ‘இதைக் கவனி, இதில் உனக்கு ஏதோ இருக்கிறது’ என்ற சேதி.

தம்பியின் மூளையில் இந்தச் சேதி காரணமில்லாமல் கிளம்பியது. சங்கு ஊதும் நேரத்தில் கிளம்பினால் சங்குக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் தலை நிமிரும்போது கிளம்பினால் அவர் பார்வையில் ஏதோ இருக்கிறது. பக்கத்து வீட்டு இருமல், வாசலில் நின்ற வண்டி, எல்லாம் தன்னைக் குறித்தே என்று ஆகும். சும்மா இருக்கும் பொருள்களெல்லாம் ஓயாமல் கூப்பிட்டால் எந்த மனிதனும் ஒரு காரணம் தேடத்தான் செய்வான். ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்’ என்பது அப்படித் தேடிக் கிடைத்த காரணம். ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003-ல் இதை விளக்கி எழுதிய பிறகுதான் எங்களில் பலருக்கு உயிரியலும் நோயாளி சொல்லும் வார்த்தையும் ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தன. மருந்து முதல் சில மணி நேரத்திலேயே ஏற்பியைப் பிடித்துவிடுகிறது, நம்பிக்கைகள் கரைய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. மருந்து புதிய அழைப்புகளை அடக்கும். ஏற்கெனவே கட்டிவைத்த கதை மெதுவாகத்தான் உதிரும். ‘குரல் இருக்கு டாக்டர், ஆனா இப்ப தொந்தரவு பண்ணல’ என்று நோயாளிகள் சொல்வது இந்த இடைநிலையில்தான். தம்பியிடம் ‘சங்கு உன்னைக் கூப்பிட்டது பொய்தானே’ என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவருக்கு அது நிஜமாகவே கேட்ட சேதி.

இப்போது நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் வருவோம். நீங்கள் கவனித்தது சரி. தம்பி தாத்தா மாதிரி நடப்பது உங்கள் பிரமை இல்லை. மாத்திரைக்கு ஸ்ட்ரையேட்டத்தின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. டி2 இருக்கும் இடமெல்லாம் போய் உட்காரும். கபூரும் குழுவினரும் 2000-ல் வெளியிட்ட பெட் ஸ்கேன் ஆய்வு ஒன்றில், டி2 ஏற்பிகளில் 65 சதவீதம் மூடியபோது நோயாளிகள் தேற ஆரம்பித்தார்கள், 72-ஐத் தாண்டியபோது புரோலாக்டின் ஏறியது, 78-ஐத் தாண்டியபோது விறைப்பும் நடுக்கமும் வந்தன. அந்தச் சின்ன இடைவெளிக்குள் அளவை நிறுத்துவதுதான் எங்கள் தொழிலில் பாதி. ரிஸ்பெரிடோன் நாளொன்றுக்கு 6 மி.கி. என்பது பலருக்கு அந்த மேல் எல்லையை ஒட்டிய அளவு. குரல்கள் உச்சத்தில் இருந்தபோது உங்கள் மருத்துவர் அதைக் கொடுத்ததில் தவறில்லை. இப்போதும் அதே அளவு வேண்டுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஏற்கெனவே 80 சதவீதம் மூடியிருக்கும்போது மருந்தைக் கூட்டினால் கிடைப்பது பெரும்பாலும் பக்கவிளைவுதான்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அநேகமாக டிரைஹெக்ஸிபெனிடிலாக இருக்கும். ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் தடைபடும்போது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு சேதி ரசாயனம் ஓங்கிவிடும். அதைத் தணித்து விறைப்பைக் குறைப்பது அந்த மாத்திரை. பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, சிலர் தேவைக்கு மேல் சாப்பிடுகிறார்கள். வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், ஞாபக மந்தம் எல்லாம் வரும் என்பதால் வருடக்கணக்கில் கொடுக்க நானும் விரும்புவதில்லை. ஆனால் ரிஸ்பெரிடோனை அப்படியே வைத்துக்கொண்டு இதை மட்டும் நிறுத்தியதால்தான் தம்பி விறைத்துப்போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். மருத்துவர் தம்பியின் முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்ப்பார். சாதாரணமாகக் கை வழுக்கிக்கொண்டு வரும். மருந்தின் விறைப்பு இருந்தால் விட்டு விட்டுத் தடுக்கும். நடக்கச் சொல்லி, கை வீச்சு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பத்தி எழுதச் சொல்வார். எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தால் அதுவும் அடையாளம்.

இந்த டி2 தடை மனநோய் மாத்திரையோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, கண் மேலே செருகி, நாக்கு தள்ளிய பையனைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் அவசரப் பிரிவுக்கு ஓடி வருவார்கள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கும். விசாரித்தால், வாந்திக்குச் சாயங்காலம் மெட்டோகுளோபிரமைடு போட்டிருப்பார்கள். அதுவும் டி2-வைத்தான் தடுக்கிறது. புரோமெதசின் ஊசி ஒன்று போட்டால், அப்பா வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கழுத்து நேராகியிருக்கும். தம்பிக்கு வாந்தி, வயிற்று உப்புசம் என்று மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ரிஸ்பெரிடோனின் மேல் இன்னொரு தடை ஏறும். தாத்தாவுக்கும் அது ஆகாது.

படுத்தே கிடப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். மருந்தின் விறைப்பால் உடம்பு எழவில்லை என்பது ஒன்று. ‘எழுந்திருக்கணும்னு இருக்கு, உடம்பு வரமாட்டேங்குது’ என்று தம்பி சொன்னால் இந்தப் பக்கம் யோசிக்கலாம். அளவைச் சரிசெய்தால் மாறும். இரண்டாவது மனச்சோர்வு. மனச்சிதைவின் வேகம் அடங்கிய பிறகு, தனக்கு என்ன நடந்தது என்று உறைக்கும் நேரத்தில், நிறையப் பேருக்கு இது வருகிறது. இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நேரமும் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மூன்றாவது, நோயின் இன்னொரு முகம். ஆசை, முனைப்பு, பேச்சு, முகபாவம் எல்லாம் வற்றிப்போவது. முன்மூளையோடு இதற்குத் தொடர்பு உண்டு. டி2-வை அடைப்பதால் இது தீராது, அளவு மிஞ்சினால் மோசமாகும். ‘சோம்பேறி’ என்று வீட்டில் யாராவது திட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் குறித்த நேரத்தில் எழுப்பிக் குளிக்க வைப்பது, கடைக்குக் கூடப் போவது, வீட்டில் ஒரு வேலையைப் பொறுப்பாகக் கொடுப்பது என்று சின்னச் சின்னதாகத்தான் இதில் முன்னேற முடியும்.

தம்பியிடம் ஒரு விஷயத்தை ஆண்கள் யாராவது தனியாகக் கேட்க வேண்டும், அப்பாவோ சித்தப்பாவோ. ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை நன்றாகவே ஏற்றும். மார்பு வீங்கலாம், பால் போலக் கசியலாம், உடலுறவு ஆசை குறையலாம். இளைஞர்கள் வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல், மாத்திரையை மட்டும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். சொன்னால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. அரிபிபிரசோல் என்ற மருந்து டி2-வை முழுதாக அணைக்காமல் பாதி இயக்கிக்கொண்டே உட்காரும், புரோலாக்டினை ஏற்றாது. எல்லாருக்கும் அது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அளந்து பார்க்காமல் எப்படிக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. ரத்தத்தில் அளக்கலாம், பயனில்லை. ரத்தத்தில் ஓடும் டோபமின் மூளைக்குள் நுழைவதில்லை, மூளையிலிருப்பது அதில் தெரிவதுமில்லை. (தாத்தாவுக்கு டோபமினையே கொடுக்காமல், மூளைக்குள் நுழையக்கூடிய லெவோடோபாவைக் கொடுப்பது இதனால்தான்.) எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி, பழைய காயம் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று தெரியும், டோபமின் தெரியாது. பெட் ஸ்கேனில் கதிரியக்கப் பொருள் ஏற்றி அளப்பது ஆய்வுக்கு மட்டும். அதிலும் நோயாளிகள் பலரின் சராசரிக்கும் மற்றவர்களின் சராசரிக்கும்தான் வித்தியாசம் தெரியும். ஒரே ஒருவரின் ஸ்கேனை வைத்து இவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. டோபமின் டெஸ்ட் எடுத்துத் தருகிறேன் என்று எந்த லேப் சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். ‘டோபமின் விரதம்’ பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மொபைலைக் கொஞ்சம் கீழே வைப்பது நல்லதுதான், இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தம்பிக்கு டி2 மருந்து கேட்டிருக்கிறது என்பதே நல்ல சேதி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு இது போதுமான அளவு கேட்பதில்லை. அவர்களில் பலருக்கு ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் கூடுதலாகவே இல்லை என்று தெரிகிறது. கோளாறு குளூட்டமேட் என்ற வேறொரு சேதி ரசாயனத்தின் பக்கம் இருக்கலாம். அவர்களுக்கு குளோசபின் இருக்கிறது. டி2-வை அது லேசாகத்தான் பிடிக்கும், ஆனாலும் மற்றவை தோற்ற இடத்தில் வேலை செய்யும். 1975-ல் ஃபின்லாந்தில் வெள்ளணுக்கள் குறைந்து சிலர் இறந்ததால் ஓரங்கட்டப்பட்டு, 1988-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. டி2-வைத் தொடாமல், அசிட்டைல்கோலினை வாங்கும் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக வேலை செய்யும் சனோமெலின்-ட்ரோஸ்பியம் கூட்டு மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கார்ல்சனின் ஊகத்திலிருந்து அறுபது வருடம் கழித்து டோபமின் ஏற்பியைச் சுற்றிக்கொண்டு போகும் முதல் வழி அது.

உங்களுக்கும் வருமா? பொதுவாக நூற்றில் ஒருவருக்கு, உடன்பிறந்தவர்களுக்கு நூற்றில் சுமார் பத்துப் பேருக்கு என்று பழைய கணக்கு. அதாவது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. தாத்தாவின் பார்க்கின்சனை இதில் சேர்க்க வேண்டாம். 2014-ல் வந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று இந்த நோயோடு தொடர்புள்ள 108 மரபணு இடங்களைக் காட்டியது. டி2 ஏற்பியின் மரபணு அதில் ஒன்று. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

மில் வேலை பற்றிக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், தம்பிக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். போக முடியும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்கள் 1980-களின் தொடக்கத்தில் முதல்முறை நோய் கண்ட 90 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். வேலை, கல்யாணம், குடும்பம் என்று நடத்தியவர்கள் அதில் நிறையப் பேர். ஆனால் விறைப்பு போவதற்கு முன்னால் ஓடும் ரிங் ஃபிரேம் நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க விடாதீர்கள், விரல் மாட்டினால் சட்டென்று இழுத்துக்கொள்ள அவரால் முடியாது. திரும்பிப் போகும்போது முதலில் பேக்கிங், குடோன் மாதிரி வேலை கேட்டுப் பாருங்கள். நைட் ஷிப்டு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்டதில்தான் அவருக்குப் போன தடவை ஆரம்பித்தது. பகல் ஷிப்டுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டால் உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அதில் நோயின் பெயரைப் போட வேண்டிய அவசியமில்லை, ‘மருத்துவக் காரணங்களுக்காக’ என்றாலே போதும்.